செபம் வந்த வாய்

இயேசு மரி சூசை துணை

சேலம்
13-10-1963, ஞாயிறு, காலை 6.10 மணி
கடிதம் எண் 2 (முதலாவதைக் கிழித்துவிட்டேன்)

அன்புள்ள மனைவிக்கு,

மகள் இதை உனக்கு வாசித்துக் காட்டுவாள். அவளும் அறியட்டும்.

பக்கவாதத்தால் பேச்சிழந்தோருக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் கோவில் மண்டபத்தில் சனிதோறும் பேச்சுப் பயிற்சி நடத்துபவன் நான். 5-ஆம் தேதி அங்கே நீ செபமாலையை ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னாய். பிறகு தண்ணீர்க் குவளையைக் காட்டி, "இது என்ன?" என்றேன். உனக்குச் சொல் வரவில்லை. "மாதாவிடம் பேசுகிறாய், என்னிடம் மட்டும் வீம்பா?" என்று எல்லோர் முன்னும் அதட்டினேன்.

சேந்தமங்கலம் அங்கம்மாள், "ஏனுங்க வாத்தியாரய்யா, சீக்காளிய வையாதீங்கன்னு சொன்னது எங்களுக்கு மட்டுந்தானுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தனர், நீ அழுதாய். மறுநாள் அம்மாபேட்டையில் உள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டாய்.

நேற்று அங்கம்மாளின் கணவர் பொன்னன் காவடிப் பாட்டு ஒன்றை முழுவதும் பாடினார். பாடியதும் தாகம். பானையைக் கைகாட்டினாரே தவிர, தண்ணீர் என்று கேட்க அவரால் இயலவில்லை. மனப்பாடம் வேறு, நினைத்ததைச் சொல்வது வேறு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீம்பு உன்னுடையதன்று, என்னுடையது. இதை மண்டபத்திலும் எழுந்து நின்று சொன்னேன்.

20-ஆம் தேதி உன்னை அழைத்துச் செல்ல அம்மாபேட்டைக்கு வருவேன்.

வெட்கத்துடன்,
உன் கணவன்

இத்துடன் வைத்திருப்பவை:
1. நீ விட்டுச் சென்ற மாத்திரைகள்.
2. நம் வீட்டுக் கதவு திறந்திருப்பதாக நான் வரைந்த அட்டை. வருவதானால் இதைக் காட்டு.
3. அதே கதவு மூடியிருப்பதாக வரைந்த அட்டை. இதைக் காட்டினால் காரணம் கேட்க மாட்டேன்.