காரில் விட்ட ஜாக்கெட்

ஜனவரி 18, ஞாயிறு

எழுதவே கூச்சமாக இருக்கிறது. இன்று கர்க்லாண்டில் மச்சாள் வீட்டு விருந்து. உதைபந்தாட்டக் கழகத்தின் பெயர் போட்ட ஜாக்கெட்டைக் காரிலேயே விட்டுவரும்படி மகளிடம் சொன்னேன். அவள் குளிரில் ஓடி உள்ளே போனாள்.

சாப்பிடும்போது மகள், முதன்முதலில் சம்பளத்துக்குப் பந்தாடிய ஆங்கிலேயர்களில் ஒருவரைப் பற்றிச் சொன்னாள். நெசவாலைத் தொழிலாளியாம். காசுக்கு ஆடுகிறான் என்று பணக்காரத் துரைமார் ஏளனம் செய்தார்களாம். எல்லோரும் அவருக்காக உச்சுக் கொட்டினோம்.

"அப்ப நீ என்ன செய்யப் போறாய், பிள்ளை?" என்றார் மச்சாள்.

போன கிழமைதான் கழகத்தில் சம்பளத்துக்கு ஆடக் கையெழுத்திட்டாள். நான் முந்திக்கொண்டேன். "பிசியோதெரபி படிக்கப் போறாள்."

"ஓம் மாமி," என்றாள் மகள்.

காரில் கேட்டாள்: "நீங்களும் அந்தத் துரைமாரோட சேர்ந்திட்டியளோ, அம்மா?"

ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். சில்லிட்டிருந்தது. மடியில் வைத்துக்கொண்டாள். வீடு வரும்வரை போடவில்லை.