அக்காவின் வார்டுக்கு ஒரு குழு

மார்ச் 3, திங்கள்

கணினிப் பிரிவில் என்னோடு இருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். இந்த மருத்துவமனையின் நூற்று எண்பத்தாறு மென்பொருள் அடுக்குகளும் இனி என் தலையில். அடுக்கு என்றால் என்னவென்று கேட்டாள் அக்கா. இங்கேயே குழந்தைகள் வார்டில் நர்ஸ் அவள். மென்பொருளை நேராகக் கணினியில் ஏற்றமாட்டோம், மெத்தை மேல் விரிப்பு மாதிரி போடுவோம், உருவினால் மெத்தைக்கு ஒன்றும் ஆகாது என்றேன்.

"விரிப்பு மாத்தறத எனக்கே சொல்லித் தர்றியா?" என்றாள்.

நானூறு கணினிக்கும் ஒவ்வொன்றாக விரித்து உருவி மாளாது. யாருக்கு எந்தெந்த அடுக்கு என்று குழுக்களாகப் பிரிக்க மேலாளர் ஒரு வாரம் கொடுத்திருக்கிறார்.

மார்ச் 6, வியாழன்

பிரித்துவிட்டேன். மூன்றே குழு: டாக்டர்கள், நர்சுகள், அலுவலகம். காகிதத்தில் பார்க்கவே அழகாக இருந்தது. மதியம் கேன்டீனில் அக்காவிடம் காட்டினேன்.

"எல்லா நர்சும் ஒரே வேலையாடா செய்யறோம்? வார்டு வாரியா பிரி."

வார்டு வாரியாகப் பிரித்தால் குழுக்கள் பெருகும், பராமரிப்பது கஷ்டம் என்று பெரிய மனுஷன் மாதிரி விளக்கினேன். அவள் என் தட்டிலிருந்த கடைசி வாழைப்பழத் துண்டை எடுத்துத் தின்றுவிட்டுப் போனாள்.

மார்ச் 10, திங்கள்

காலை ஏழரைக்குப் புதிய குழுக்களை இயக்கினேன். எட்டு பத்துக்குப் போன்.

"சார், குழந்தைகள் வார்டு. மருந்தளவு கணக்கு போடறது திரையில இல்ல."

அக்காதான். வேலை நேரத்தில் நான் சார். குழுப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அந்த அடுக்கை டாக்டர்கள் குழுவில் மட்டும் போட்டிருந்தேன் — நர்சுகளும் அதைத் தொடுவார்கள் என்று ஏன் தோன்றவில்லை? திருப்பி விரிக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று.

அந்தப் பதினொரு நிமிடத்தில் அங்கே இரண்டு வயதுக் குழந்தைக்கு வலிப்பு. அக்கா எடையை வைத்துக் காகிதத்தில் கணக்குப் போட்டாள். இன்னொரு நர்ஸ் தனியாகப் போட்டார். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் ஊசி. குழந்தை நன்றாக இருக்கிறது. நன்றாக இருக்கிறது. நன்றாக இருக்கிறது.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் சொன்னாள்: "நான் புகார் எழுதணும்டா."

"எழுது."

"உன் பேர் வரும்."

"வரட்டும்."

"கோவமா?"

இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை. கோபமெல்லாம் என் மேல்தான். பஸ்ஸில் அவளுக்கு மட்டும் இடம் கிடைத்தது. என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

மேலாளர் கூப்பிட்டார். வேலை போகவில்லை. அவர் பார்த்த பார்வையே போதும்.

மார்ச் 12, புதன்

புகாரின் நகல் வந்தது. நேரம், நிமிடம், என் தவறு, எதையும் பூசி மெழுகவில்லை. கடைசி வரி மட்டும் இப்படி: "குழு பிரித்தவருக்கு வார்டு வேலையைப் பார்க்க யாரும் வாய்ப்புத் தரவில்லை. ஒரு வாரம் அவரை எங்களிடம் அனுப்பவும்."

கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அடித்தவளும் அவள், தடவிக்கொடுத்தவளும் அவள்.

மார்ச் 18, செவ்வாய்

வார்டில் இரண்டாம் நாள். "ஓரமா நில்லுடா" என்று இதுவரை ஆறு தடவை. நூற்று எண்பத்தாறில் இவர்கள் தொடுவது பதினான்கு. அவசரமென்றால் நான்குதான்: எடை, மருந்தளவு, ரத்தப் பரிசோதனை முடிவு, ஸ்கேன் படம். எனக்கு இதை எந்தக் காகிதம் சொல்லியிருக்கும்?

மார்ச் 21, வெள்ளி

பதினான்கையும் ஒரே குழுவாக்கி, அவசர நான்கையும் திரையில் முதலில் வைத்தேன். இந்த முறை ஒரே ஒரு கணினியில் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, அக்கா தலையாட்டிய பிறகே வார்டு முழுவதற்கும்.

"இப்பதான் பாக்கற மாதிரி இருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து இதற்கு மேல் வராது.

ஏப்ரல் 4, வெள்ளி

மகப்பேறு வார்டிலிருந்து போன். முன்பின் தெரியாத குரல்.

"தம்பி, எங்க பக்கம் எப்ப வரீங்க? ரெண்டு நாள் உங்கள எங்களுக்குத் தர்றதா உங்க அக்கா சொல்லிட்டாங்களே."

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செவ்வாய், புதன் என்று குறித்துக்கொண்டேன்.