ஆலிஸ் கையில் சைக்கிள் சீட்டு

இயேசு மரி சூசை துணை

ராயபுரம்

அன்பு மகன் டெரிக்குக்கு அப்பா எழுதுவது. மஸ்கட் வெயிலில் வாடாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நீ நல்லபடியாக இருப்பாய் என்கிற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மா ஆலிஸும் மாதா தயவில் சுகம், என் முழங்கால் மட்டும் மழை வருவதை ஒரு நாள் முன்னாலேயே சொல்லிவிடுகிறது. உன் தங்கச்சி ஜானட் மகளுக்குக் கோயிலில் புதுநன்மைச் சடங்கு நல்லபடியாக முடிந்தது, மாமன் வரவில்லையே என்று எல்லாரும் கேட்டார்கள். ஃபோன் இருக்கும்போது அப்பா ஏன் காகிதத்தை எடுத்தார் என்று நினைப்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி எப்படிப் பேசுவது. அதனால்தான் மஸ்கட்டுக்குத் திரும்பும் உன் தோஸ்து ஜெரி கையில் நெத்திலிக் கருவாட்டோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

விஷயம் சைக்கிள்தான். ஆஸ்பத்திரி ஆயா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு உடம்பு துடைத்துப் புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட அம்மா வீடு வீடாகப் போவது உனக்குத் தெரியும். ஸ்டேஷன் வாசலில் ஒன்று, நம் மாடிப்படிக்குக் கீழே ஒன்று என்று இரண்டு சைக்கிள் திருடு போனதும், மூன்றாவதும் போனால் வேலையை விட்டு வீட்டில் இருக்க வேண்டும் என்று நீ அவளிடம் வாக்கு வாங்கினாய். புது வண்டி வந்த அன்றைக்கே அவள் தமீம் சைக்கிள் கடைக்குப் போய், ஸ்பானர் இல்லாமல் கையாலேயே சீட்டைக் கழற்றுகிற மாதிரி செய்துகொண்டு வந்துவிட்டாள். எங்கே நிறுத்தினாலும் சக்கரத்தையும் ஃபிரேமையும் சேர்த்துக் கம்பத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டுவாள், அப்புறம் சீட்டைக் கம்பியோடு கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுவாள். பூட்டை உடைக்கிறவன் உடைப்பான், உட்கார இடமில்லாத வண்டியை எதற்குத் திருடுவான் என்பது அவள் கணக்கு. பூசைக்கு வந்தாலும் பெஞ்சில் அவள் பக்கத்தில் சீட்டு உட்கார்ந்திருக்கும், பங்குச் சாமியாரே பீடத்திலிருந்து பார்த்துச் சிரித்துவிட்டார். மீன் வாங்கப் போனாலும் சீட்டு, சாவு வீட்டுக்குப் போனாலும் சீட்டு. நான் செய்யாத கிண்டல் இல்லை, அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

போன வாரம் தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் அவள் உள்ளே இருந்த நேரத்தில் எவனோ சங்கிலியை வெட்டிவிட்டான். வெளியே வந்து பார்த்தால் வெறும் கம்பம். வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உன் அம்மா சீட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தே போயிருக்கிறாள். அது காசிமேட்டுப் பக்கம் குப்பத்தில் பொன்னுரங்கம் வீடு, படகில் போய்க்கொண்டிருந்தவர், இப்போது கால் புண்ணோடு படுத்திருக்கிறார். போய்ப் பார்த்தால் அவர் வாசலில் இவள் சைக்கிள் நிற்கிறது. நடந்தது என்னவென்றால், அந்தத் திருடன் பெடல் மேல் நின்றுகொண்டே மிதித்து மீன் விற்கிறவர்கள் பக்கமாக வந்திருக்கிறான். அங்கே கூடை வைத்திருந்த பொன்னுரங்கத்தின் மனைவி செல்லம்மா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, "இன்னா நைனா, ஆலிஸ் அக்கா வண்டிய எங்க இட்டுகினு போற, சீட்டு எங்க கீது" என்று கேட்டிருக்கிறாள். சீட்டில்லாத வண்டி என்றால் இந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான், யாருடையது என்று தெரியாத ஆள் கிடையாது. மற்ற பெண்களும் சூழ்ந்துகொள்ள, அவன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடியே போய்விட்டான். அம்மாவோடு நம் வீடு வரைக்கும் வந்த செல்லம்மாவிடம், வண்டியை நேராக இங்கே கொண்டுவராமல் உன் வீட்டில் ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன். "வண்டி பூடுச்சுன்னா அக்கா வூட்ல குந்திக்குமா, கட்டு மாத்த அங்கதான் வரும்னு எனக்குத் தெரியாதா" என்றாள். டெரிக், உன் அம்மாவைக் கட்டிக்கொண்டவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஆனால் அம்மா அன்றைக்கே சீட்டை மாட்டி, வண்டியை வீட்டுக்குள் ஏற்றி ஓரமாக நிறுத்திவிட்டாள். அதுதான் திரும்பி வந்தாச்சே என்றேன். "போனது போனதுதான், புள்ளைக்கு வாக்கு குட்த்துட்டேன்" என்கிறாள். வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி எல்லா வீட்டிலும் சொல்லியாகிவிட்டது. பொன்னுரங்கமோ வேறு யாரையும் புண்ணைத் தொட விடமாட்டேன் என்று அடம் பிடிக்கிறார், புண் திரும்பவும் சீழ் வைக்கிறது என்று செல்லம்மா வந்து அழுதுவிட்டுப் போனாள். நீ வைத்துத் தருகிறேன் என்ற ஆட்டோ அந்தச் சந்துக்குள் நுழையாது, தினமும் நடந்தால் பாதி வீட்டுக்குக்கூடப் போக முடியாது. நீ அக்கறையில்தான் சொன்னாய், குற்றம் சொல்லவில்லை. காலையில் அவள் குளித்துப் புடவை கட்டி, போக இடமில்லாமல் நாற்காலியில் வந்து உட்காருவதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. உன்னிடம் கேட்கவும் மாட்டாள், கேட்டால் வாக்கு மாறின மாதிரி ஆகிவிடுமாம்.

நீயும் அங்கே சைக்கிளை நிறுத்தினால் சக்கரத்தை மட்டும் பூட்டாதே, ஃபிரேமையும் சேர்த்துப் பூட்டு. சளி பிடித்தால் ஏசியை நிறுத்திவிட்டுத் தூங்கு. ஆண்டவர் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், நீ போகிற வழியெல்லாம் மாதா கூட வரட்டும். நான் எழுதினேன் என்று அம்மாவிடம் மூச்சுவிடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, அம்மா நாளைக்கு முதலில் எந்த வீட்டுக்குப் போகிறாய் என்று மட்டும் கேள். மறந்துவிடாதே.

உன் அப்பா,
ச. அருள்நாதன்