ஒரே வார்டு

நூம்பல்
ஜூன் 9

அன்புள்ள சபீனாவுக்கு,

நேற்று ஃபோனைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஃபோனில் நீ என்னைப் பேச விடுவதில்லை, நான் உன்னைப் பேச விடுவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் நகராட்சி, எங்கள் நகராட்சி, ஆவடிப் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கினால் தொழில் பெருகும், கம்பெனிகள் வரும் என்கிறாய். வரட்டும். ஆனால் அதற்குச் சம்மதம் என்று நகர்மன்றத்தில் நான் ஏன் கை தூக்க வேண்டும்?

என் வார்டை நான் நடந்தே சுற்றி வந்துவிடுவேன். இன்று காலை எதிர்த்தெரு அஞ்சலை வாசலில் நின்று, "இன்னாம்மா, தண்ணி லாரி வரவேல்ல, நீ ஊட்ல குந்திகினு கீறே?" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள். நைட்டியோடு ஓடினேன். மதியத்துக்குள் லாரி வந்துவிட்டது. நாளைக்கு வார்டு மூன்று மடங்கு ஆனால் அவள் யார் வாசலில் போய்க் கத்துவாள்?

உன் கொழுந்தன் ஆசிக்கின் கால் எப்படி இருக்கிறது? கட்டு பிரித்தார்களா?

அன்புடன்,
சுதா


பூந்தமல்லி
ஜூன் 14

என் பிடிவாதக்கார சுதாக்காவுக்கு,

சபீனா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், ஆசிக்கைத் தவிர. இன்னும் ஊன்றுகோல்தான்.

அவனைப் பற்றிக் கேட்டீர்களே, அதையே பதிலாக எழுதுகிறேன். அவன் விழுந்த குழியை வெட்டியவன் ஒரு கேபிள் கான்ட்ராக்டர். பாதிக் குழி எங்கள் எல்லையில், பாதி உங்கள் எல்லையில். அவனுக்கு எந்த ஊர் நோட்டீஸ் அனுப்புவது என்று தெரிவதற்குள் ஆசிக் பைக்கோடு விழுந்துவிட்டான். கூவத்துத் தண்ணீருக்கு ஊர் எல்லை தெரியுமா அக்கா? கம்பெனிக்காரன் வந்தால் இங்கே ஒரு அனுமதி, அரை கிலோமீட்டர் தாண்டி இன்னொரு அனுமதி. சலித்துப்போய் வேறு பக்கம் போய்விடுகிறான். நம் பிள்ளைகள் விடியற்காலையில் பஸ் பிடித்து ஊரைத் தாண்டி வேலைக்கு ஓடுகிறார்கள். சேர்ந்தால்தான் நமக்குப் பலம்.

இன்னொன்று. நீங்கள் சுயேச்சை. தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்கினால் புது மன்றத்தில் உங்களுக்கும் ஒரு இடம் தருவதாக எங்கள் கட்சியில் சொல்கிறார்கள். யோசியுங்கள்.

உங்கள்,
சபீனா


நூம்பல்
ஜூன் 30

சபீ,

யோசித்தேன். உன் கடிதத்தின் முதல் பாதியைப் படித்துவிட்டு, ஆமாம், இவள் சொல்வது சரிதானே என்றுகூட நினைத்தேன். ஆசிக் விழுந்தது எனக்கும் வலிக்கிறது. கடைசி நான்கு வரியை நீ எழுதியிருக்கக் கூடாது. ஒரு நாற்காலிக்காக நான் கை தூக்குவேன் என்று உனக்கு எப்படித் தோன்றியது? பெண் கவுன்சிலர்கள் பயிற்சியில் ஒரே அறையில் தங்கி, விளக்கை அணைத்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தோமே, அந்தச் சபீனாவா இதை எழுதியது?

நேற்று கூட்டம். ஆதரிப்பவர்கள் என்றதும் மன்றமே கை தூக்கியது. எதிர்ப்பவர்கள் என்றதும் நான் ஒருத்திதான். பக்கத்து நாற்காலி கிஷோர், "அக்கா, கையை எறக்குங்க, போட்டோ எடுக்கறாங்க" என்றான்.

"எடுக்கட்டும்டா. மூஞ்சி நல்லாத் தெரியற மாதிரி எடுக்கச் சொல்லு" என்றேன்.

தலைவர் காரணம் கேட்டார். "சேர வேணாம்னு நான் சொல்லல சார். சேர்ந்த பிறகு எங்க தெருவுக்குப் பதில் சொல்றது யாருன்னு இந்தத் தீர்மானத்துல எழுதுங்க, ரெண்டு கையையும் தூக்கறேன்" என்றேன். எழுதவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

அதற்குள் போட்டோ ஆவடித் தொழிற்சாலை வரைக்கும் போயிருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் உத்தமன், "கை நல்லா ஒசந்துதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனார்.

சுதா


பூந்தமல்லி
நவம்பர் 21

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

இத்தனை மாதம் எழுதாதது என் தவறு. அந்த நான்கு வரிக்கு வெட்கப்பட்டுக்கொண்டே இருந்தேன்.

மாநகராட்சித் தேர்தலுக்குப் புது வார்டு எல்லை வந்துவிட்டது, பார்த்திருப்பீர்கள். உங்கள் நூம்பல் தெருக்களையும் எங்கள் தெருக்களையும் ஹைவேக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே வார்டு ஆக்கியிருக்கிறார்கள். பெண்கள் வார்டு. கட்சி என்னை நிற்கச் சொல்கிறது. உங்களிடம் பேசி ஒதுங்கச் சொல்லும்படி எனக்கு உத்தரவு. அதற்காகத்தான் இந்தக் கடிதம் என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் நின்றால் நம் இருவர் ஓட்டும் பிரியும், வேறு யாராவது உள்ளே நுழைந்துவிடுவார்கள். நான் ஜெயித்தால் உங்களைக் கேட்காமல் நூம்பலில் ஒரு கல்லைக்கூட நகர்த்த மாட்டேன். சத்தியம்.

சபீனா


நூம்பல்
நவம்பர் 25

அன்புள்ள சபீ,

உன் சத்தியத்தை நம்புகிறேன். ஆனாலும் ஒதுங்க மாட்டேன்.

நீ நல்லவள் என்பதால் என் தெரு உன்னைக் கேட்டு நிற்க வேண்டுமா? ஒரு கட்சி உனக்கு உத்தரவு போட்டு, நீ அதை எனக்கு எழுதுகிறாய் பார், அந்த வழியாகத்தான் நாளைக்கு எங்கள் சாக்கடைக்கும் உத்தரவு வரும். சேர்த்தது சேர்த்துவிட்டார்கள். இனிமேல் அந்த மாநகராட்சி எனக்கும் சொந்தம்தான். உன் தெருவும் இனி என் தெரு. ஆசிக் வீட்டுக்கும் வருவேன், அவனிடமும் ஓட்டுக் கேட்பேன். உள்ளே விடச் சொல்.

தோற்றால் தோற்கிறேன். கேட்காமல் தோற்க மாட்டேன்.

இன்று காலை மனுத் தாக்கல் செய்துவிட்டேன்.

அன்பு குறையாமல்,
சுதா


பூந்தமல்லி
நவம்பர் 28

சுதாக்கா,

உங்கள் கடிதத்தைக் கட்சி ஆபீசில் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினேன். மாவட்டப் பொறுப்பாளர் ஒருவர், "மனுவுல ஏதாவது கோளாறு இருக்கும், தேடிப் பிடிச்சுத் தள்ளுபடி பண்ண வெச்சுடலாம்" என்றார்.

"அந்த மனு தள்ளுபடியானா என் மனுவையும் நான் வாபஸ் வாங்கிடுவேன். அப்புறம் ஆள் தேடிக்கோங்க" என்றேன். இதுவரை அங்கே நான் குரலை உயர்த்தியதே இல்லை அக்கா. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தவள் திரும்ப உட்காரவில்லை. இன்று பரிசீலனை. உங்கள் மனு ஏற்கப்பட்டது, என்னுடையதும்தான்.

நான் விட்டுக்கொடுப்பதாக நினைத்துவிடாதீர்கள். சேர்ந்தது சரி என்றுதான் வீடு வீடாகச் சொல்லப் போகிறேன், உங்கள் வீட்டு வாசலிலும் சொல்வேன்.

ஞாயிறு மாலை வேலப்பன்சாவடியில் எனக்குக் கூட்டம். வாருங்கள். பின்னால் நிற்காமல் முன்வரிசையில் உட்கார்ந்து, என்ன கேட்க வேண்டுமோ எல்லோர் முன்னாலும் கேளுங்கள். எனக்கு யாரும் எழுதித் தர வேண்டாம், நானே பதில் சொல்கிறேன்.

உங்களை எதிர்த்து நிற்கும்,
சபீனா