வாசலில் நின்ற பூட்ஸ்

பெர்கன், ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு, டூருன் எழுதுவது. நான் சுகம். அப்பாவின் முழங்கால் வலி தேவலையா?

பயப்படும்படி ஒன்றும் நடக்கவில்லை. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டை விற்கிறார்கள். இன்று யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். தரகன் ப்ரேபென் காலையிலேயே வந்து, வெள்ளிக் கரண்டி முதல் என் தலைவலி மாத்திரை வரை எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டினான். பெரிய கோட்டைக் காவலன்! வந்ததில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள். எல்லாரும் வழக்கம்போல் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். அவனோ ஒவ்வொருவர் கையையும் முறைத்துக்கொண்டு நின்றான். வாசலை எவன் பார்த்தான்?

கூட்டம் கலைந்தபோது, நீ கொடுத்தனுப்பிய அப்பாவின் பூட்ஸை வாசலில் காணோம். அந்த இடத்தில் நைந்துபோன ஒரு ஜோடி கிடந்தது.

“பழைய பூட்ஸ்தானே, விடுங்க! உங்க கணவரை வேற வாங்கிக்கச் சொல்லுங்க” என்றான் அந்த மேதாவி.

தனியாக இருப்பது தெரியாமலிருக்க ஆண்கள் போடும் பூட்ஸ் ஒரு ஜோடியை வாசலில் வை என்றாயே, அது வீண்போகவில்லை அம்மா.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அப்பாவின் இன்னொரு ஜோடியை அனுப்பு. கழுவிவிடாதே. சேறு இருந்தால்தான் யாரோ இப்போதுதான் வீட்டுக்கு வந்தது போல இருக்கும்.

உன் டூருன்