ஹெட்லைட் ஃபியூஸ்

வியாழக்கிழமை, ராத்திரி

சந்தோசத்துல தூக்கம் வரலை.

ஆயுத பூஜை முடிஞ்சதுல இருந்து எங்க பழைய பிக்கப்புல ஹெட்லைட் ஃபியூஸ் போய்க்கிட்டே இருந்துச்சு. எலக்ட்ரீசியன், வயரிங் மொத்தமும் மாத்தணும்னுட்டார். ஊட்டுக்காரர் வெறுத்துப்போய், வண்டியை வித்துரலாம்னு புரோக்கரை நாளைக்கு வரச்சொல்லிட்டார்.

பம்பு கம்பெனியில மோட்டாருக்குக் காயில் சுத்துறவ நான். ஷார்ட்டுக்கெல்லாம் பயப்படுறதில்லை. சாயங்காலம் ஃபியூஸைக் கழட்டிட்டு அந்த இடத்துல ஒரு பல்பை மாட்டுனேன். ஹெட்லைட் ரெண்டையும் கழட்டிவெச்சும் பல்பு எரிஞ்சுது. அப்ப கரண்டு எங்கேயோ வண்டி பாடியில இறங்குது. ஒயரைப் புடிச்சு ஒவ்வொரு இடமா அசைச்சேன். கிரில்லுக்குப் பின்னால அசைச்சப்ப பல்பு அணைஞ்சுது.

எட்டிப் பாத்தா, பூஜைக்கு வாழைக்கன்னு கட்டுன கட்டுக்கம்பி. கன்னை எடுத்தவர் கம்பியை அப்படியே உட்டுட்டார். அது ஒயரை அறுத்து உள்ள செம்பு தெரிஞ்சுது.

“ஏனுங்க, இது நீங்க கட்டுனதுதானுங்களே?”

“போன வருசம் கயித்துல கட்டி ரோட்டுல உழுந்துருச்சே அம்மணி”ன்னு இழுத்தார்.

கம்பியை எடுத்துப்போட்டு ஒயருக்கு டேப் சுத்துனேன். பல்பை எடுத்துட்டுப் புது ஃபியூஸ் போட்டு, ஹெட்லைட்டை மாட்டி லைட்டைப் போட்டா, ஃபியூஸ் போகாம நின்னுச்சு. ஊட்டுக்காரர் உடனே புரோக்கருக்குப் போன் பண்ணுனார். “வண்டி குடுக்கறதில்லைங்க. நாங்க ரெண்டு பேரும் ஷார்ட்டைக் கண்டுபுடிச்சுபோட்டமுங்க.”

அவர் டார்ச் மட்டுந்தான் புடிச்சார். ஆனா ஆடாமப் புடிச்சார், அதையும் சொல்லோணும்.