பொருளாளருக்கு நிற்கிறேன்

பலெர்மோ
02.10.2025, வியாழன்

அன்புள்ள ஜெனுஷாவின் அப்பாவுக்கு,

நானும் மகளும் சுகம். நீங்களும் சுகம் என்று அவள் சொன்னாள். ஆகவே அதைக் கேட்டு மையை வீணாக்கவில்லை. போனில் கதைத்தால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வருகிறது என்று அவள்தான் இந்தக் கடித ஒழுங்கைப் போட்டாள். "எழுதிச் சண்டை பிடியுங்கோ, எனக்குச் சத்தம் கேக்காது" என்கிறாள். பதினேழு வயதுக்கு வாய் கொஞ்சம் கூடத்தான். உங்கள் பக்கத்து வாய்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் நம் தமிழ்ச் சங்கத்தில் பொருளாளர் பதவிக்கு நிற்கிறேன். நவம்பர் பதினாறு, ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் தேர்தல். எதிரே நிற்கப்போவது இப்போதைய பொருளாளர் சுதாகரன். அவர் உங்கள் நண்பர் என்பது எனக்கு மறக்கவில்லை.

ஏன் நிற்கிறேன் என்று கேட்பீர்கள். பிரான்காச்சோவில் இருந்த செல்வராசா அண்ணை மாசியில் செத்தது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. மரண உதவிக் காசு எடுக்கப் பொருளாளரின் கையெழுத்து வேண்டும். பொருளாளர் லண்டனில் ஒரு கலியாண வீட்டில் நின்றார், காசோலைப் புத்தகத்தையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு. அந்த மனிசன் பத்தொன்பது நாள் பிணவறையில் கிடந்தார். அவரின் மனிசி பவளராணி அந்தப் பத்தொன்பது நாளும் மாடிப்படி துடைக்கும் வேலைக்குப் போய் வந்தாள், போகாவிட்டால் வேலையும் போய்விடும் என்று. எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். எனக்கு உச்சுக் கொட்ட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இரண்டு நாளுக்குள் காசு அந்த வீட்டுக்குப் போக வேண்டும், இரண்டு பேருக்குக் கையெழுத்து அதிகாரம் இருக்க வேண்டும். இவ்வளவுதான் என் கொள்கை விளக்கம்.

கணக்கு வருமா என்று கேட்க வேண்டாம். பதினொரு வருடமாக நான் வேலை செய்யும் சிஞ்ஞோராவின் வீட்டு வரவு செலவெல்லாம் என் கையில்தான். தொண்ணூறு வயதில் அவ ஒரு மருந்துக் கடைத் துண்டைக்கூட விடாமல் வாசித்துப் பார்ப்பவ. அவவைச் சமாளித்த எனக்குச் சங்கம் பெரிய காரியமில்லை.

உங்களிடமிருந்து வேண்டியது ஒன்றுதான். சங்கப் பதிவேட்டில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பெயர். எங்கள் வீட்டுக்கு உங்கள் பெயர். நீங்கள் பேர்கமோவுக்குப் போய் இரண்டு வருடமாகியும் பதிவேட்டில் நீங்கள்தான் குடும்பம். இந்த வருடத்திலிருந்து, உங்களுக்குப் பதிலாக நான் என்று நீங்கள் டெலெகாப் பத்திரம் எழுதித் தந்தால்தான் நான் நிற்கலாம். தாளை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போடுங்கள். அடையாள அட்டையின் பிரதியும் சேர்த்து அனுப்புங்கள். அது இல்லாவிட்டால் இந்த நாட்டில் ஒரு பார்சல்கூட எடுக்க முடியாது, உங்களுக்குத் தெரியாததா.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். நீலச் சுவெட்டர் பெட்டியின் அடியில் இருக்கிறது.

இப்படிக்கு,
வேட்பாளர் மரியமலர்


பேர்கமோ
12.10.2025

அன்பின் மலருக்கு,

உமது கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. சுவெட்டர் நீர் சொன்ன இடத்திலேயே இருந்தது. இரண்டு வருடமாக நான் அந்தப் பெட்டியின் அடிவரை போகவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பரவாயில்லை. ஒரு நாளைக்கு முந்நூறு பிள்ளைகளுக்குப் பாஸ்தா. உப்புக் குறைவு, மிளகாய் அறவே இல்லை. நான் சமைப்பதை நானே சாப்பிடுவதில்லை.

தேர்தல் விஷயம் வாசித்தேன். செல்வராசா அண்ணைக்கு நடந்தது பெரிய பிழைதான். ஆனால் உமக்கேன் இந்தத் தலையிடி? ஒன்பது வருடம் அந்தக் கதிரையில் இருந்தவன் சொல்கிறேன், நன்றி சொல்ல ஒருத்தரும் வரமாட்டார்கள், திருவிழாக் கணக்கில் ஐந்து யூரோ இடிக்கிறது என்று கேட்க முப்பது பேர் வருவார்கள்.

ஒளிக்காமல் எழுதுகிறேன். சுதாகரன் எனக்குப் போன் எடுத்தான். "அண்ணை, அக்காவை ஒருக்கா யோசிக்கச் சொல்லுங்கோ. தோத்தால் வெக்கம் உங்களுக்குத்தானே" என்றான். இன்னுமொன்றும் சொன்னான். போன வருடம் செயலாளர் றொஜர் உம்மைப் பொருளாளருக்கு முன்மொழிந்தபோது, நீரே வேண்டாம் என்று சொல்லிவிட்டீராம். அப்போது வேண்டாம், இப்போது வேண்டும் என்றால் சனம் என்ன நினைக்கும்? எனக்கும் அது விளங்கவில்லை.

டெலெகாவை மேசையில் வைத்திருக்கிறேன். பிறகு பார்ப்போம்.

மகளை வடிவாகச் சாப்பிடச் சொல்லும்.

அன்புடன்,
விமலராஜ்


பலெர்மோ
23.10.2025, வியாழன்

ஜெனுஷாவின் அப்பாவுக்கு,

"அன்புள்ள" என்று எழுதிவிட்டு வெட்டினேன். வெட்டியது அசிங்கமாக இருந்ததால் புதுத் தாள் எடுத்து எழுதுகிறேன்.

போன வருடம் நான் வேண்டாம் என்று சொன்னது உங்களுக்கு விளங்கவில்லையா? உங்களுக்கா? நம் சங்கத்தில் முதல் கேட்கும்போதே ஓம் என்று சொன்னவர் ஆர்? உங்களை முதன்முதலில் முன்மொழிந்தபோது நீங்களே என்ன செய்தீர்கள்? "ஐயோ, எனக்கேன் அண்ணை, நான் சும்மா ஒரு சமையல்காரன்" என்று கையை விரித்தீர்கள். உடனே நாலு பேர் எழும்பி "இல்லை, நீங்கள்தான்" என்றார்கள். நீங்களும் பெரிய சுமையைத் தூக்குகிற முகத்தோடு போய் உட்கார்ந்தீர்கள். வீட்டுக்கு வந்து பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தீர்கள், எனக்கு நினைவிருக்கிறது. முதல் தரம் மறுப்பது மரியாதை. இரண்டாந்தரம் வற்புறுத்துவது மற்றவரின் கடமை. சின்ன வயதிலிருந்து தேத்தண்ணிக்கும் இதுதான், பதவிக்கும் இதுதான்.

போன வருடம் நானும் அப்படித்தான் சொன்னேன். "எனக்கேன், வேற ஆரையும் போடுங்கோ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, சீலை மடிப்பைச் சரிபண்ணிக்கொண்டு, அந்த இரண்டாவது குரலுக்காகக் காத்திருந்தேன். மண்டபம் முழுக்க எனக்குத் தெரிந்த முகங்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. றொஜர் "மரியமலர் விலகிக்கொண்டார்" என்று எழுதிவிட்டுச் சுதாகரனின் பெயரை வாசித்தார். மற்றவர்களுக்கெல்லாம் எழும்பிக் குரல் கொடுக்கிறவர் எப்போதும் நீங்கள்தான். நீங்கள் பேர்கமோவில் பாஸ்தா அவித்துக்கொண்டு நின்றீர்கள்.

எழுதத் தொடங்கியாயிற்று, மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன், நம் குசினியில், வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டீர்கள்: "பேர்கமோவில ஒரு வேலை இருக்காம். போகட்டோ?" நான் சொன்னேன்: "போங்கோ, எங்களை யோசியாதேங்கோ." அதையும் நான் மரியாதைக்குத்தான் சொன்னேன். நீங்கள் இன்னொரு தரம் கேட்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் அலுமாரிக்கு மேலிருந்து சூட்கேஸை இறக்கினீர்கள்.

சரி. தேர்தல் வேலைகளைச் சொல்கிறேன், உங்கள் நண்பரிடமும் சொல்லுங்கள். எங்களுக்கெல்லாம் வீட்டு வேலை லீவு வியாழன் பின்னேரம்தானே. ஒவ்வொரு வியாழனும் சனத்தைப் பார்க்கப் போகிறேன். அல்பெர்கேரியாவில் இருபத்தாறு வீடும் நடந்தே முடித்துவிட்டேன். போன வியாழன் பஸ் எடுத்துப் பிரான்காச்சோ போனேன், பவளராணி கூடவே வந்தாள். நவம்பர் பதின்மூன்று, வியாழன், ரயிலில் பகேரியா. ஒரு வீட்டில் ஒருவர், "பொம்பிளையளிட்டைக் காசுப் பெட்டியைக் குடுக்கலாமோ?" என்று கேட்டார். "உங்கட சம்பளத்தை மாதம் மாதம் ஆரிட்டைக் குடுக்கிறியள்?" என்று கேட்டேன். அவரின் மனிசி சிரித்துக்கொண்டு எனக்கு இரண்டாவது ரோல்ஸ் வைத்தா. முதல் தரம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவ வற்புறுத்தினா. பார்த்தீர்களா, அவவுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் வெல்லுவேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் கையெழுத்து இல்லாமல் மண்டபத்தில் என் பெயரை வாசிக்கவே மாட்டார்கள். ஏழாந்திகதிக்கு முன் அனுப்புங்கள், அல்லது அனுப்பமாட்டேன் என்று எழுதுங்கள். "பிறகு பார்ப்போம்" என்று மட்டும் எழுத வேண்டாம்.

மரியமலர்


பேர்கமோ
30.10.2025

அன்பின் மலருக்கு,

டெலெகா இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அடையாள அட்டை முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் பிரதி எடுத்திருக்கிறேன். பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், நம்பரையும் மகளுக்கு அனுப்பிவிட்டேன்.

நீர் எழுதியதை நாலு தரம் வாசித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

உமக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தச் சூட்கேஸை அடுக்க நான் இரண்டு நாள் எடுத்தேன். பத்து நிமிட வேலை அது. ஒவ்வொரு சேர்ட்டையும் விரித்து விரித்து மடித்தேன், நீர் ஒருக்கால் அறைக்குள் வந்து "போகாதேங்கோ" என்று சொல்வீர் என்று. நீர் வந்தீர். நீலச் சுவெட்டரைக் கொண்டுவந்து அடியில் வைத்துவிட்டுப் போனீர். சரி, என்னை அனுப்பத்தான் நினைக்கிறா என்று எண்ணிக்கொண்டேன். பிறகு அந்தச் சுவெட்டரை எடுக்கவே மனம் வரவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் நல்ல மரியாதைக்காரர்தான்.

சுதாகரன் திரும்பவும் போன் எடுத்தான். "அவ தோத்தால் வெக்கம் எனக்கில்லை, சங்கத்துக்கு" என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஒரு மாதிரிச் சுகமாக இருந்தது.

பகேரியாவில் திருவிழாச் செலவைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். ரசீதுகளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டும். ஒன்று மட்டும் யோசிக்கிறேன். தேர்தலன்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் விழாச் சமையல், வர முடியாது. நீர் வழமைபோல மறுத்தால், இரண்டாவது குரலுக்கு என்ன செய்யப்போகிறீர்?

அன்புடன்,
விமலராஜ்


பலெர்மோ
17.11.2025

அன்புள்ள விமல்,

இன்று உங்களைப் பெயர் சொல்லி எழுதுகிறேன். ஒரு பொருளாளருக்கு அந்த உரிமை உண்டு.

ஓம், வென்றுவிட்டேன். நாற்பத்திரண்டுக்கு இருபத்தொன்பது.

முழுவதையும் கேளுங்கள். பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்தோம். நான் அந்தக் கத்தரிப்பூச் சீலை உடுத்தியிருந்தேன். டெலெகாவைக் கொடுத்தேன். றொஜர் முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் பார்த்து, பிரதியைப் பார்த்து, "சரியாத்தான் இருக்கு" என்றார். பக்கத்து வீட்டு றெபேக்கா என்னை முன்மொழிந்தாள். றொஜர் வழமைபோலப் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார், நான் மறுக்கும்வரை காத்திருக்கிறார். முழு மண்டபமும் காத்திருந்தது. இந்தமுறை சீலை மடிப்பில் கை வைக்கவில்லை. எழும்பினேன்.

"ஓம், நிக்கிறன். எனக்கு இந்த வேலை தெரியும்" என்றேன்.

பின்னால் ஆரோ "சீ" என்றது எனக்குக் கேட்டது. றொஜர் பேனையை வைத்துக்கொண்டு, "என்ன மலர், உடனேயே ஓம் எண்டிறீர்?" என்று கேட்டார். "போன வருசமே மறுத்திட்டனே அண்ணை, அது ரெண்டு வருசத்துக்கும் போதும்" என்றேன். முதலில் சிரித்தது பகேரியா ஆக்கள். பிறகு மண்டபமே சிரித்தது. பவளராணி, நெற்றியில் திருநீறோடு, கோயில் மண்டபத்தின் நடுவில் எழும்பி நின்று, "நான் வழிமொழியிறன்" என்றாள். அவளின் பெயர் இந்த வருடம்தான் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. அதற்கு அவளின் புருசன் சாக வேண்டியிருந்தது. நான் செய்யப்போகிற முதல் வேலை, ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பெயரையும் பதிவது.

சுதாகரன் முறைப்படி மறுத்தார், அவரின் ஆக்கள் முறைப்படி வற்புறுத்தினார்கள், அதற்குள் ஆறு நிமிடம் போய்விட்டது. சனத்துக்குப் பசி. அதிலும் எனக்கு நாலு வாக்குக் கூடியிருக்கும் என்று மகள் சொல்கிறாள். பாவம், தோற்ற பிறகு மரியாதையாக வந்து காசுப் பெட்டியையும் அதன் திறப்பையும் காசோலைப் புத்தகத்தையும் தந்தார். "அக்கா, பிழை என்ரைதான்" என்றார். அந்த நேரம் எனக்கு அவர் மேல் கோபமில்லை.

வீட்டுக்கு வந்து, பெட்டியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. நீங்கள் இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. வென்ற அன்றைக்கு இப்படி இருக்கக்கூடாது.

ஆகவே கேட்கிறேன். பலெர்மோவுக்குத் திரும்பி வாறீங்களோ? இஞ்சையும் சமையலறைகள் இருக்கின்றன. எனக்கு நீங்கள் வேண்டும். மரியாதைக்கு எழுதவில்லை, மனதார எழுதுகிறேன். ஒருமுறைதான் கேட்பேன். நீங்கள் மறுத்தால் அதை மறுப்பு என்றே எடுத்துக்கொள்வேன், சூட்கேஸை எத்தனை நாள் அடுக்கினீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். யோசித்து எழுதுங்கள்.

அன்புடன்,
மலர்


பேர்கமோ
27.11.2025

என் மலருக்கு,

ஓம்.

உமது கடிதம் இன்று மத்தியானம் வந்தது, நின்ற நிலையில் வாசித்தேன், உடனே சமையலறைப் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். நத்தார்ப் பண்டிகைவரை நிற்கச் சொன்னா. வேண்டாம் என்றேன். சம்பளம் கூட்டித் தாறன், நில்லும் என்று இரண்டாந்தரமும் கேட்டா. இரண்டாந்தரமும் வேண்டாம் என்றேன். சேரவேண்டிய லீவைக் கழித்து நாளையோடு விட்டுவிட்டா.

சனிக்கிழமை விமானம் எடுத்தாயிற்று. சூட்கேஸ் பத்து நிமிடத்தில் அடுக்கி முடிந்தது. சுவெட்டரைப் போட்டுக்கொண்டே வாறன்.

மகளிடம் சொல்லவில்லை, சொன்னால் உமக்குச் சொல்லிவிடுவாள். இந்த நாட்டுத் தபால் உமக்குத் தெரியும்தானே, பெரும்பாலும் இந்தக் கடிதத்தைத் தபாற்காரனிடம் நான்தான் வாங்குவேன்.

விமல்